முதல்முறை பாலைவனப் பள்ளத்தாக்குப் பயணம்: லாஸ் வேகஸிலிருந்து 800 மைல் வட்டம்

அமெரிக்காவின் தென்மேற்கில் யூட்டாவும் அரிசோனாவும் சேரும் செம்பாறைப் பகுதிக்கு முதன்முறை கிளம்புகிறவர்கள் கையில் நீளமான பட்டியல் ஒன்று இருக்கும். ஜயான், பிரைஸ், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். பார்க்கலாம்தான், காரின் கண்ணாடி வழியாக. இறங்கி நடக்க நேரம் இருக்காது. ஆகவே இங்கே மூன்று தேசியப் பூங்காக்கள், நடுவில் ஒரு சிற்றூர், அவ்வளவுதான். ஏழு நாள் விடுப்பு போதும். வழி முழுக்கத் தார்ச்சாலை.

படி 1: வட்டத்தை வரைந்துகொள்ளுங்கள்

லாஸ் வேகஸில் விமானம் இறங்கிக் கார் எடுத்து, ஜயான், பிரைஸ் கேன்யன், பேஜ் என்ற சிற்றூர், கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு என்ற வரிசையில் போய் மீண்டும் வேகஸுக்கே வந்து சேருங்கள். மொத்தம் ஏறக்குறைய 800 மைல். ஆர்ச்சஸும் கேன்யன்லாண்ட்ஸும் இருக்கும் மோவாப் நகரம் கிழக்கே வெகுதூரம் தள்ளியிருக்கிறது. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே நல்லது. இதைச் சொன்னால் ஏற்காதவர்கள்தான் அதிகம் என்று தெரியும்; ஆனாலும் சொல்கிறேன்.

ஜயானில் இரண்டு இரவு, பிரைஸில் ஒன்று, பேஜில் ஒன்று, கிராண்ட் கேன்யனில் இரண்டு. அன்றாடத் திட்டத்துக்கு ஒரே விதி: காலையிலும் மாலையிலும் நடங்கள், நடுப்பகலில் வண்டி ஓட்டுங்கள். உச்சி வெயிலில் பாறைக்கு நிழலே விழாது. எந்தப் பள்ளத்தாக்கும் வெளிறித் தட்டையாகத் தெரியும். சூரியன் சாய்ந்திருக்கும்போதுதான் அடுக்குகளும் மடிப்புகளும் எழுந்து நிற்கும். வெயில் கொடுமையும் பார்க்கிங் நெரிசலும் உச்சத்தில் இருப்பதும் அதே நடுப்பகலில்தான். இருட்டிய பிறகு ஓட்டவும் வேண்டாம், மான்கள் சாலைக்கு வரும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. கோடையில் ஜயான் 38 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழையும் திடீர் வெள்ளமும் வரும் பருவம். குளிர்காலத்தில் பிரைஸில் பனி கொட்டிக்கிடக்கும். அதுவும் அழகுதான், ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

துணிமணி எடுத்துவைக்கும்போது வரைபடத்தில் உயரத்தைப் பாருங்கள். ஜயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் 4,000 அடிக்குச் சற்றுக் கீழே. பிரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல்; அதன் தென்கோடியிலுள்ள ரெயின்போ பாயின்ட் 9,100 அடியைத் தாண்டுகிறது, நம் தொட்டபெட்டாவைவிட உயரம். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு ஏறத்தாழ 7,000 அடி. "பாலைவனம்தானே" என்று பருத்திச் சட்டையோடு போனால் மே மாத விடியற்காலையில் பற்கள் தந்தியடிக்கும்.

படி 3: முன்பதிவும் கட்டணமும்

பூங்காவுக்குள் உள்ள விடுதிகள் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே பதிவாகத் தொடங்கிவிடும். அங்கே கிடைக்காவிட்டால் ஜயானுக்கு ஸ்பிரிங்டேல், பிரைஸுக்குப் பாங்குவிச் அல்லது ட்ரோபிக், கிராண்ட் கேன்யனுக்கு டூசாயன்.

நுழைவுக் கட்டணம் 2026 ஜனவரி முதல் மாறியிருக்கிறது. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டுப் பயணிகள், மக்கள் அதிகம் வரும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். நம் வட்டத்திலுள்ள மூன்று பூங்காக்களும் அந்தப் பதினொன்றில் அடக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துக் கூட்டிப்போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் வசிப்பவர்கள் அதைக் காட்டும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

ஜயானில் சங்கிலியைப் பிடித்து ஏறும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாதைக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் அனுமதி பெற்றால்தான் உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

படி 4: காரும் பெட்ரோலும்

நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. மண் சாலையில் இறங்கினால் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்திய உரிமத்தோடு வருகிறவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வந்துவிடுங்கள். வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகிவிட்டது என்று நினைத்தபின், ஆளில்லாத சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும்போதுதான் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும்.

பம்பில் கார்டைச் செருகினால் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு கேட்கும். இந்தியக் கார்டு அங்கே திணறும். பம்பின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உள்ளே கடைக்குப் போய், "மூன்றாம் பம்ப், நாற்பது டாலர்" என்று முன்பணம் கட்டுங்கள். மிச்சம் இருந்தால் திரும்பத் தருவார்கள். யூட்டாவில் மலிவான பெட்ரோலின் ஆக்டேன் எண் 85 என்றிருக்கும். பெரும்பாலான கார்களின் கையேடு 87 கேட்கும். ஒரு படி மேலுள்ள பொத்தானை அழுத்துங்கள். தொட்டி பாதியாகும்போதே நிரப்பிவிடுங்கள்.

படி 5: தண்ணீர், சாப்பாடு, வரைபடம்

பாலைவனத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வேகஸில் பெரிய கடையில் தண்ணீர்க் கேன்களும் ஒரு தெர்மாகோல் ஐஸ் பெட்டியும் வாங்கிவிடுங்கள். உப்புப் பண்டமும் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றும். சைவக்காரர்களுக்கு இந்தச் சிற்றூர்களில் பீட்சாவும் பீன்ஸ் பரிட்டோவும்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். சிறிய மின்சாரக் குக்கர் ஒன்று பெட்டியில் இருந்தால் இரவில் தயிர்சாதம் நிச்சயம். விடுதி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் வராது. வரைபடத்தையும் தேசியப் பூங்காச் சேவையின் செயலியையும் முன்கூட்டியே தரவிறக்கிவிடுங்கள்.

படி 6: கடிகாரம்

லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவைவிட யூட்டா எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடை நேரத்தை அரிசோனா பின்பற்றுவதில்லை. ஆகவே அந்த மாதங்களில் அது நெவாடாவோடு ஒத்துப்போகும். ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலப்பகுதி கோடை நேரத்தைப் பின்பற்றும். பேஜ் நகரம் இந்த எல்லைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதால், எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்பக் கைப்பேசி நேரம் மாறிக்கொண்டே இருக்கும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, சுற்றுலா டிக்கெட்டில் எந்த நேரம் என்று எழுதியிருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஜயான், அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பது

வேகஸிலிருந்து சுமார் 160 மைல். பருவகாலத்தில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை. இலவச ஷட்டில் பஸ் உண்டு. பூங்கா பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேலில் காரை விட்டுவிட்டு ஊர் ஷட்டிலில் வாசலுக்குப் போவது எளிது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றோரமாகப் போகும் சீரான பாதை. போய்வர இரண்டு மைல் அளவு. சிறுவர்களும் பெரியவர்களும் நடக்கலாம். பாதை முடியும் இடத்தில் வர்ஜின் ஆறே வழியாகிவிடும். நாரோஸ் என்பது இதுதான். இருபுறமும் செங்குத்துச் சுவர், நடுவில் முழங்காலளவு குளிர்ந்த நீர், கீழே வழுக்கும் உருண்டைக் கற்கள். ஸ்பிரிங்டேலில் கடைகள் நீர்க்காலணியும் ஊன்றுகோலும் வாடகைக்குத் தருகின்றன. அந்தக் கோல் இல்லாமல் இறங்காதீர்கள். தண்ணீரைக் குடிக்க வேண்டாம், தலையை முக்கவும் வேண்டாம். நச்சுப் பாசிப் பிரச்சினை இருக்கிறது.

இறங்கும் முன் பார்வையாளர் மையத்தில் அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் தலைக்குமேல் வானம் நீலமாக இருப்பதில் ஒன்றுமில்லை. மேலே எங்கோ பெய்யும் மழை வெறும் பாறையில் வழிந்து இந்தச் சந்துக்குள் திரண்டு வரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, குச்சியும் இலையும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கேட்டாலோ அடுத்த நொடி மேட்டில் ஏறுங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள்.

கிளம்பும் நாளில் கிழக்கு வாசல் வழியாகப் போங்கள். 1930இல் திறந்த 1.1 மைல் நீளச் சுரங்கம் வரும். பாறையைக் குடைந்து வைத்த சாளரங்கள் வழியாக வெளிச்சம் மின்னி மறையும், நிறுத்தக் கூடாது.

படி 8: பிரைஸ், விளிம்பிலிருந்து இறங்குவது

ஜயானிலிருந்து சுமார் 85 மைல், இரண்டு மணி நேரம். பெயரில் கேன்யன் இருந்தாலும் இது ஆறு அறுத்த பள்ளத்தாக்கு இல்லை. பீடபூமியின் ஓரம் பனியாலும் மழையாலும் உதிர்ந்து உண்டான தூண்காடு. இரவில் வெடிப்புக்குள் நீர் உறைந்து விரியும், பகலில் உருகும். ஆண்டில் பாதி நாட்களுக்கு இதே வேலை.

மாலையில் விளிம்பு நடை. விடியற்காலையில் சன்ரைஸ் பாயின்டிலிருந்து குயின்ஸ் கார்டன் பாதையில் இறங்கி நவஹோ லூப் வழியாக ஏறுங்கள். சுற்றி வர மூன்று மைல். ஏற்றம் கடைசியில் வரும், மூச்சு வாங்கும், மெதுவாக வாருங்கள். நவஹோ லூப்பின் வால் ஸ்ட்ரீட் பகுதி திறந்திருந்தால் அந்தப் பக்கம். சுவர்களுக்கிடையே இரண்டு மூன்று பேர் அகலம்தான் இடைவெளி. அதன் தரையிலிருந்து டக்ளஸ் ஃபர் மரங்கள் கிளையே விடாமல் வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போயிருக்கின்றன. வெயில் ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தெறிக்கும்போது உங்கள் கையும் சட்டையும்கூட ஆரஞ்சு நிறமாகிவிடும்.

படி 9: பேஜ்

கனாப் வழியாகச் சுமார் 150 மைல். இங்கே தேசியப் பூங்கா பாஸ் பயன்படாது. ஹார்ஸ்ஷூ பெண்ட் வாகன நிறுத்தம் நகராட்சியுடையது, ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைச் சந்து நவஹோ மக்களுடையது. இரண்டுக்கும் தனிக் கட்டணம்.

ஹார்ஸ்ஷூ பெண்டில் கொலராடோ ஆறு ஆயிரம் அடி கீழே குதிரை லாடம்போல் வளைகிறது. தடுப்புக் கம்பி ஒரு பகுதிக்குத்தான். மற்ற இடங்களில் வெறும் விளிம்பு. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

ஆன்டிலோப்புக்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. மேல்பகுதி சமதரை, கோடை நடுப்பகலில் ஒளிக்கற்றை இறங்குவது அங்கேதான். நடுப்பகல் விதிக்கு இந்த ஒரு விலக்கு உண்டு. கீழ்ப்பகுதியில் ஏணிகள் இருக்கின்றன, மூட்டுவலிக்காரர்களுக்கு ஒத்துவராது. மழை எச்சரிக்கை என்று சுற்றுலாவை ரத்து செய்தால் வாதாடாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல் தள்ளிப் பெய்த மழை கீழ்ப்பகுதிக்குள் பாய்ந்து 11 பேரைக் கொண்டுபோனது.

படி 10: கிராண்ட் கேன்யன், கிழக்கு வாசலிலிருந்து

பேஜிலிருந்து கேமரன் என்ற ஊருக்கு வந்து மேற்கே திரும்பினால், பூங்காவின் கிழக்கு வாசலான டெசர்ட் வியூ. பெரும்பாலோர் தெற்கிலிருந்து நேரே நெரிசலுக்குள் நுழைவார்கள். நீங்கள் முதலில் 1932இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கல் கோபுரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முனையாக நிறுத்தி நிறுத்தி 25 மைல் மேற்கே, விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமத்துக்கு வருகிறீர்கள்.

பள்ளத்தாக்கின் நீளம் 277 மைல், ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். இந்த அளவு கண்ணுக்கு உடனே பிடிபடாது. அதற்கு டிரெயில் ஆஃப் டைம் உதவும். யாவாபாய் அருங்காட்சியகத்திலிருந்து கிராமம்வரை விளிம்போரமாகப் போகும் இந்தப் பாதையில் ஒரு மீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டு. அந்தந்த வயதுக்குரிய பாறைகளைக் கீழேயிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். கிட்டத்தட்ட 170 கோடி ஆண்டுப் பழமையான கறுத்த பாறையின் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். எதிரே நிற்கும் சிகரங்களுக்குச் சிவன் கோயில், விஷ்ணு கோயில், பிரம்மா கோயில் என்று பெயர். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880களில் தொடங்கிவைத்த வழக்கம் அது. தாத்தா பாட்டியோடு போனால் இந்த இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பிரைஸின் அடிப்பாறை ஜயானின் உச்சிப்பாறை. ஜயானின் அடிப்பாறை இங்கே உங்கள் காலடியில் இருக்கும் மேலடுக்கு. இத்தனை நாளும் ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்கியிருக்கிறீர்கள்.

உள்ளே இறங்க ஆசை வரும். சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயின்ட் வரை போய்த் திரும்புங்கள், போய்வர 1.8 மைல். இறங்க ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற ஆகும். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்பும் எண்ணமே வேண்டாம், அடியில் வெயில் பல டிகிரி கூடுதல். அணில்களுக்குத் தீனி போடாதீர்கள். பார்க்கச் சாது, கடித்தால் விரலில் தையல் போட வேண்டிவரும்.

படி 11: திரும்புதல்

வேகஸுக்குச் சுமார் 280 மைல், நான்கரை மணி நேரம். விமானத்தை இரவில் வைத்துக்கொண்டால் வழியில் 1930களில் கட்டிய ஹூவர் அணையைப் பார்க்கலாம். நெடுஞ்சாலைப் பாலத்தில் காரில் போகும்போது பக்கச் சுவர் மறைத்து அணை தெரியாது. அணைப் பக்கம் திரும்பிக் காரை நிறுத்தி, படியேறிப் பாலத்தின் நடைபாதைக்குப் போக வேண்டும். அங்கிருந்து வேகஸ் விமான நிலையம் முக்கால் மணி நேரத்துக்குள். பெட்ரோலை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வழியில் போல்டர் சிட்டியிலேயே நிரப்பிவிடுங்கள்.