பீரோவில் கிடக்கும் படங்களுக்கு ஒரு நாளில் அரை மணி

பீரோ மேல்தட்டில் மஞ்சள் பைக்குள் கிடக்கும் பழைய படங்களை ஒருநாள் உட்கார்ந்து நகலெடுத்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தினமும் தான் எடுத்த படத்தை வலையில் ஏற்றிவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று அரை மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பவரும் பெரும்பாலும் அவரேதான். அப்படிப் போகிற நேரத்தில் நாளுக்கு அரை மணியைப் பிடுங்கினால் போதும். 150 படம் உள்ள சேகரிப்பு ஒன்றரை, இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று மூன்று வாரம் ஆராய்வார்கள். நகலெடுப்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். படத்தில் இருப்பவர் யார் என்று எழுதி வைப்பதற்குத்தான் மீதி நாளெல்லாம் வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவருக்கு எண்பது தாண்டியிருக்கும். நேரத்தை அதற்கேற்பப் பங்கிடுங்கள்.

எண் போடுவது

மேஜையில் துவைத்த பழைய வேட்டி ஒன்றை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கையைச் சோப்பால் கழுவி நன்றாகக் காயவிட்டு, படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். பழைய காகிதப் படமானால் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் பேனா கூடாது: அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும், மையும் நாளடைவில் ஊறும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் பிரிண்டின் பின்பக்கம் பென்சில் பிடிக்காது. அதைக் காகித உறைக்குள் வைத்து, உறைமேல் எண் எழுதுங்கள். எழுதிய பிறகுதான் படத்தை உள்ளே வைக்க வேண்டும்.

ஆல்பத்தில் இருப்பவற்றைக் கலைக்காதீர்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை ஒட்டியிருக்கிறார்கள் என்பதே ஒரு தகவல். "ஆ2-07-3" என்றால் இரண்டாம் ஆல்பம், ஏழாம் பக்கம், மூன்றாம் படம்.

பசைக்கோடும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம்தான் தொல்லை. பசை மஞ்சளாகிப் படத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையில் படத்துக்குக் கீழே நுழைத்து, இரண்டு கையாலும் அறுப்பதுபோல மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். நூல் நின்றுவிட்டால் நீங்களும் நிறுத்திவிட்டு, பக்கத்தோடு சேர்த்துப் படமெடுத்துவிடுங்கள். சுவரில் தொங்கும் பிரேமில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்கவே வேண்டாம். மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும், முகமும் அதோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலேயே நகலெடுங்கள்.

தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஈரத்துணியும் கண்ணாடி துடைக்கும் திரவமும் பக்கத்திலேயே வரக்கூடாது. படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். நனைந்தால் ஊதி, தேய்த்தால் வழன்று வரும்.

வெளிச்சம்

4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2400×3600, அதாவது சுமார் 86 லட்சம் புள்ளி. 12 மெகாபிக்சல் போனே அதற்குப் போதும். இதற்குமேல் போனால் காகிதத்தின் சொரசொரப்புதான் கூடுதலாகத் தெரியும். விலக்கு ஒன்று உண்டு. ஆக்ஃபா கிளிக் 3 மாதிரிக் கேமராவில் 120 என்ற வகை பிலிம் ரோலில் எடுத்து, நெகடிவைக் காகிதத்தோடு ஒட்டவைத்துப் போட்ட 6×6 செ.மீ. சின்னப் படங்கள். பெரிதாக்காமல் நேரே பதிந்தவை என்பதால் அவற்றில் நுணுக்கம் ஒளிந்திருக்கும். அவற்றுக்கு 1200 டிபிஐ தகும்.

பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர் தட்டையான படத்துக்குச் சரிதான். 600 டிபிஐ வைத்து, தானாக நிறம் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். சுருண்ட படம் அதில் மங்கும், ஏனென்றால் இந்த வகை சென்சார் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். கண்ணாடி போட்ட படத்துக்கும் இதே கதிதான். இந்த இரண்டுக்கும் கேமராவே வழி.

கேமராவில் எடுப்பதற்கு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் போதும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும் என்பதால் எதிர்ப்பக்கம் வெள்ளை தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். இரவில் வேலை செய்வதானால் ஒரே கம்பெனி, ஒரே வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு; படத்துக்கு இருபுறமும் 60, 70 செ.மீ. தள்ளி, 45 டிகிரி சாய்வில். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நிறம் கலந்து, பிறகு எதைத் திருத்தினாலும் ஒரு பாதி கெடும். வெளிச்சம் சமமா என்று பார்க்க, படம் வைக்கும் இடத்தின் நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இருபுறமும் விழும் நிழல் ஒரே நீளமும் ஒரே கருமையுமாக இருந்தால் சரி.

படத்தில் வெள்ளைப் பளபளப்பு தெரிந்தால் விளக்கை இன்னும் தாழ்த்தி 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடியில் கேமராவே பிரதிபலித்தால், பழைய கறுப்புக் குடைத்துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் விரும்பிய பட்டுத்துணி மாதிரிப் புள்ளியிட்ட காகிதம் வேறு வகைச் சோதனை. ஒற்றை விளக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிழல் விழும். மேகமூட்டமான நாளில் பெரிய ஜன்னலோரம் தெர்மோகோலோடு எடுப்பதுதான் செலவில்லாத தீர்வு.

கேமரா

கேமரா படத்துக்கு நேர் மேலே, துளியும் சாயாமல் இருக்க வேண்டும். படம் வைக்கும் இடத்தில் ஒரு முகக்கண்ணாடியைப் படுக்கவையுங்கள். திரையின் நட்டநடுவில் உங்கள் லென்ஸ் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது, விலகித் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது. ரசமட்டத்தைவிட இது நம்பகமானது. ஸ்டாண்ட் இல்லாதவர்கள் உயரமான இரண்டு ஸ்டூலுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு, லென்ஸ் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டும்படி போனைக் கவிழ்த்து வைக்கலாம்.

போனில் முதன்மை லென்ஸையே பயன்படுத்தி, 30 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். கிட்டே போனால் தானாக அகலக்கோண லென்ஸுக்கு மாறி ஓரங்களை வளைக்கும் போன்கள் உண்டு. அந்த மாற்றத்தையும் முகத்தை மெருகேற்றும் வசதியையும் அணைக்க வேண்டும். கேமராவானால் 50 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஒரே தடவை பூட்டிவிடுங்கள். எல்.இ.டி. வெளிச்சத்தில் கோடு கோடாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/25 ஆக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களில் கோடு மறையும். கை பட்டு அசையாமலிருக்க இரண்டு விநாடி டைமர்.

படத்தைச் சுற்றி ஒரு செ.மீ. இடம் விட்டு எடுங்கள், வெட்டுவதைப் பிறகு பார்க்கலாம். பின்பக்கத்தில் முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் உடனே திருப்பி அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றால் எந்தப் பின்பக்கம் எந்தப் படத்தினுடையது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். எல்லாம் அமைத்த பிறகு ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

70, 80-களின் கலர் படங்கள் பல சிவந்துபோயிருக்கும். நீலப்பச்சைச் சாயம் மங்கி மற்றவை தங்கிவிட்டதால் வரும் நிறம் அது. கணினியில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகச் சரிசெய்தால் பெருமளவு மீளும். ஆனால் அசல் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதியில் செய்யுங்கள், அதுவும் கடைசியில். மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் செயலிகள் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. இல்லாத விவரத்தை அவை ஊகித்து வரைகின்றன. தாத்தாவுக்கு யாருடைய கண்ணோ வந்து உட்கார்ந்துவிடும்.

நெகடிவ் இருந்தால்

பிரிண்டைவிட நெகடிவில் விவரம் அதிகம். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 35 மி.மீ. நெகடிவில் ஒரு படம் வெறும் 24×36 மி.மீ. என்பதால் மிகக் கிட்டே எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும். வெள்ளைத்திரை காட்டும் டேப்லெட்டே விளக்குப்பெட்டியாகும். ஆனால் நெகடிவைத் திரைமேல் நேராக வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். நான்கைந்து செ.மீ. உயர்த்தி, நடுவே பால்வெள்ளை பிளாஸ்டிக் தாள் ஒன்றை வையுங்கள். நிறம் புரட்டுவதற்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் தனிக் கருவியே உண்டு. கலர் நெகடிவின் ஆரஞ்சுப் பூச்சையும் அது கழித்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியே பிரித்து, முதல் ஆளாக நகலெடுங்கள்.

யார், எங்கே, எப்போது

குடும்பக் குழுவில் படத்தைப் போட்டு "இது யார்?" என்று கேட்டால் இருபது கைகூப்புகளும் பன்னிரண்டு "சூப்பர்" களும் வரும், பெயர் வராது. நேரில் உட்கார வேண்டும், முடியாவிட்டால் ஒருவரை மட்டும் போனில் பிடிக்க வேண்டும்.

போன் திரையில் காட்டாமல் டிவியிலோ டேப்லெட்டிலோ பெரிதாகக் காட்டுங்கள். ஓர் அமர்வுக்குப் பத்துப் படம், அதற்குமேல் களைத்துவிடுவார்கள். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்னும் "படம் நாற்பத்துமூன்று" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாலு நாள் கழித்துக் கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது.

பெயர் எழுதுவதில் தமிழ் வீட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாட்டி சொல்வது இப்படி இருக்கும்: "இது நம்ம சின்ன மாமாடா. பக்கத்துல நிக்கறது அம்புலு. அவதான் கெடாரத்தைத் தூக்கிட்டு ஓடினவ." யாருக்குச் சின்ன மாமா? பாட்டிக்கா, பேரனுக்காகச் சொல்கிறாளா? உறவுச்சொல் பேசுகிறவரைப் பொறுத்து மாறும். அதை அப்படியே எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது வேறொரு ஆளைக் காட்டும். அதனால் குடும்பத்தில் ஒருவரை மையமாக வைத்துக்கொண்டு எல்லோரையும் அவர் வழியாகவே குறியுங்கள். இன்னாரின் அம்மாவின் இரண்டாவது தம்பி என்று. அம்புலு வீட்டுப் பெயர்; பள்ளிப் பதிவிலும் பத்திரத்திலும் வேறு பெயர் இருக்கும். முழுப்பெயர், வீட்டுப் பெயர், மையத்தவருக்கு உறவு ஆகிய மூன்றும் வேண்டும். வலமிருந்தா இடமிருந்தா என்று குறிக்காமல் பெயரை மட்டும் வரிசையாக எழுதினால் பயனில்லை.

கெடாரம் (பெரிய அண்டா) கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் யார் இல்லை, எடுத்தது யார் என்றும் கேளுங்கள். நின்ற பேச்சு இந்த இரண்டு கேள்வியில் மறுபடி ஓடத் தொடங்கும். ஒரே படத்துக்கு இருவர் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும், யார் சொன்னார் என்பதோடு, எழுதி வையுங்கள்.

ஆண்டு தெரியாவிட்டால் துப்புகளைத் தேடுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. "மெட்ராஸ் ஸ்டேட்" என்றிருந்தால் 1969-க்கு முந்தைய முத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பழைய ரப்பர் முத்திரையைப் பிறகும் குத்திக்கொண்டிருக்கலாம். பின்னணியில் டி.என். என்ற எழுத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரும் வண்டி எண் தெரிந்தால் 1989-க்கு முன்னால் போக முடியாது. சுவரில் சினிமா போஸ்டர் இருந்தால் அதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் கேமராவே அச்சடித்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பேட்டரி மாற்றியபின் தேதியைத் திருத்தாமல் விட்டவர்கள் ஏராளம்.

பெயரும் இடமும்

கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும், அப்போதுதான் வரிசை தானாக வரும்: "1974_அரக்கோணம்_கல்யாணம்_043". ஆண்டு ஐயமானால் "197x". விவரமெல்லாம் ஒரு எக்செல் தாளில், படத்துக்கு ஒரு வரி. உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். பிறகு அந்தச் சுருங்கிய பிரதிதான் ஊரெல்லாம் சுற்றி, அசல் எதுவென்று தெரியாமல் போகும். மூன்று பிரதி வையுங்கள்: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. கூகுளின் இலவச 15 ஜிபியில் மின்னஞ்சலும் படங்களும் சேர்ந்தே அடங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அசல் படங்கள் பரணுக்குப் போகக்கூடாது. மொட்டைமாடிக்கு நேர் கீழே வெக்கையும், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரமும் படத்தைத் தின்னும். வீட்டு நடுவில் இருக்கும் பீரோவின் நடுத்தட்டில், காகித உறைக்குள், படுக்கவைத்து, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டையைப் படங்களுக்கு நடுவே போடாதீர்கள். தட்டை மாதம் ஒருமுறை திறந்து துடைப்பதே போதும். ஹார்ட் டிஸ்க்கை ஆயுத பூஜைக்கு ஆயுதங்களோடு வெளியே எடுக்கும்போது கணினியில் சொருகி, ஐந்தாறு படத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே அடுத்த பிரதியிலிருந்து புது டிஸ்கில் ஏற்றிவிடுங்கள்.