ஆளைப் பார்க்கும் முன் காத்தைப் பாருங்கள்: ஓப்பன் கோல்ஃப் பார்க்கவும் பந்தயம் கட்டவும் ஒரு பணகுடி வழி

ஆண்கள் கோல்ஃபில் பெரிய போட்டிகள் நாலு. ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓப்பன், ஜூலையில் பிரிட்டன் பக்கம் நடக்கும் தி ஓப்பன். புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் ஓப்பனைத்தான் சொல்வேன். மற்ற மூன்றும் அமெரிக்காவில் நடப்பவை. மாஸ்டர்ஸ் கடைசி நாள் ஆட்டம் முடியும்போது இங்கே திங்கள் விடிகாலை நாலரை மணி. பால்காரர் வந்து மணியடித்துவிடுவார். ஓப்பனில் அந்தத் தொல்லை கிடையாது. பிரிட்டனின் கோடை நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். வியாழக்கிழமை முதல் பந்து அடிபடும்போது இங்கே காலை பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை முடிவு தெரிய இரவு பதினொன்று, பதினொன்றரை ஆகும். சாப்பாட்டை முடித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்தாலும் கடைசி ஒன்பது ஹோலைக் கண்ணாரப் பார்க்கலாம்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. காத்தாடி (காற்றாலை) கம்பெனியில் கன்ட்ரோல் ரூம் வேலை பார்க்கிறேன். ஜூலையில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் தென்மேற்குக் காத்து பணகுடி, காவல்கிணறு பக்கம் இறங்கி அடிக்கும். வினாடிக்கு எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. ஓப்பனை ஜெயிக்க வைப்பதும் தோற்க வைப்பதும் அதே காத்துதான். கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்த என் தாய்மாமா, "நீ பார்க்க வேண்டிய ஆட்டம் இதுதான் தாயி" என்று உட்கார வைத்தார். அதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை.

கணக்கு எளிது. ஹோல் என்றால் பந்தைப் போட வேண்டிய குழி. ஒரு நாளைக்கு 18 ஹோல், நாலு நாள் ஆட்டம். ஒவ்வொன்றையும் பந்தை இத்தனை முறை அடித்து முடிக்க வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது, அதுதான் பார். ஒரு அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. பாருக்கு எத்தனை கீழே, எத்தனை மேலே என்பதைத்தான் லீடர்போர்டு காட்டும். கழித்தல் குறி பெரிதாக இருப்பவர் முன்னால். 156 பேர் தொடங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் முதல் 70 இடத்துக்காரர்களும், எழுபதாவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் தங்குவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதற்குக் கட் என்று பேர். டிவி சேனல் ஆண்டுக்கு ஆண்டு கை மாறும். அது கிடைக்காவிட்டாலும் ஓப்பனின் சொந்த ஆப்பில் லீடர்போர்டு நொடிக்கு நொடி ஓடும். வேலை நேரத்தில் எனக்கு அதுவே போதும்.

ஓப்பன் நடக்கும் மைதானங்கள் எல்லாம் கடலோர மணல்மேட்டு நிலம். ராதாபுரம் பக்கத்துக் குட்டம் தேரியை நினைத்துக்கொள்ளுங்கள்; அந்தச் செம்மணலுக்குப் பதிலாக ஒட்ட வெட்டிய புல். மரம் கிடையாது. காத்தைத் தடுக்க ஒன்றும் இல்லை. தரை காய்ந்துவிட்டால் பந்து விழுந்த இடத்தில் நிற்காது, உருண்டுகொண்டே போகும். 2006இல் ஹோய்லேக் மைதானம் அப்படிக் காய்ந்து கிடந்தபோது, டைகர் வுட்ஸ் நாலு நாளிலும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் டிரைவரை, அதாவது தூரமாக அடிக்கும் பெரிய மட்டையை, எடுத்தார். பெரும்பாலும் இரும்பு மட்டையில் தாழ்வாக அடித்தே கோப்பையைக் கொண்டுபோனார்.

காத்து எவ்வளவு மாற்றும் என்பதற்கு ராயல் பர்க்டேலைப் பாருங்கள். 2026 ஓப்பனுக்குக் குறித்த இடம் அது. 2008இல் அங்கே காத்து விடாமல் அடித்தது. பாட்ரிக் ஹாரிங்டன் பாருக்கு 3 மேலே முடித்தும் ஜெயித்தார். 2017இல் அதே மைதானத்தில் ஜோர்டான் ஸ்பீத் ஜெயித்தது பாருக்கு 12 கீழே. அதே மேடு, அதே குழி. வித்தியாசம் மட்டும் 15 அடி. ஆகவே புதன்கிழமை ஒரு வானிலை ஆப்பைத் திறந்து அந்த ஊரின் காத்தைப் பாருங்கள். அங்கே மணிக்கு மைல் கணக்கில் சொல்வார்கள். நம் மீட்டர் கணக்கை 2.24ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். வினாடிக்கு 5 மீட்டர், அதாவது 11 மைல் என்றால் பேர்டி மழைதான். 10 மீட்டரைத் தாண்டினால் ஆட்டம் வேறு. 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் சனிக்கிழமை 40 மைலுக்கு மேல் வீச்சுக் காத்து அடித்து, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில் வைத்த பந்து தானாக நகர ஆரம்பித்தது. ஆட்டத்தை மணிக்கணக்கில் நிறுத்தி, கடைசியில் திங்கள்கிழமைதான் முடித்தார்கள். 40 மைல் என்றால் சுமார் 18 மீட்டர். எங்கள் மெஷினுக்கு அது நல்ல உற்பத்திக் காத்து. 25 மீட்டர் வந்தால்தான் தானாக நிற்கும்.

அடுத்தது டீ டைம், அதாவது ஒவ்வொருவரும் ஆட்டம் தொடங்கும் நேரம். ஜெயிப்பவர் என்று ஆளுக்கு இரண்டு பெயர் எழுதும் பந்தய நோட்டு ஒன்று எங்களிடம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்; இதைப் பார்க்காமல் அதில் பெயரை எழுதாதீர்கள். வியாழன் காலையில் ஆடுகிறவர் வெள்ளி பிற்பகலில் ஆடுவார். வியாழன் பிற்பகல்காரருக்கு வெள்ளி காலை. ஒரு பாதிக்கு இரண்டு நாளும் அமைதியான நேரம் வாய்த்து, மறுபாதிக்கு இரண்டு நாளும் காத்து வாய்த்துவிட்டால், போட்டி வியாழனே பாதி முடிந்த மாதிரி. நேரம் ஆளை எப்படி அடிக்கும் என்பதற்கு 2002ஐச் சொல்லலாம். அந்த ஆண்டு மாஸ்டர்ஸும் யுஎஸ் ஓப்பனும் ஜெயித்துவிட்டு வந்த டைகர் வுட்ஸ், மியூர்ஃபீல்டில் சனிக்கிழமை பிற்பகல் மழையும் குளிர்காத்தும் சேர்ந்து அடித்தபோது சிக்கி 81 அடி அடித்து, கோப்பை வாய்ப்பை இழந்தார்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஆள். எங்கள் ஷிஃப்ட்டில் ஒரு தம்பி ஒவ்வொரு வருஷமும், "அக்கா, ஷெஃப்ளருக்கே போட்டுருவோம், சோலி முடிஞ்சு" என்பான். தப்பில்லை, 2025இல் போர்ட்ரஷில் ஸ்காட்டி ஷெஃப்ளர் நாலு அடி வித்தியாசத்தில் ஜெயித்தவர்தான். "எல்லாரும் அவருக்கே போட்டா நோட்டு எதுக்குல தம்பி?" என்பேன். நான் இரண்டாவது பெயரைக் கடலோர மைதானத்தில் தழும்பேறியவர்களிடமிருந்து எடுப்பேன். ஐந்து முறை ஓப்பன் ஜெயித்த டாம் வாட்சன், 2009இல் தன் 59ஆவது வயதில், கடைசி ஹோலில் ஒரு பார் எடுத்திருந்தால் ஆறாவது கோப்பையைத் தூக்கியிருப்பார். போகி போட்டுச் சமமாகி, ப்ளே-ஆஃப் என்ற கூடுதல் ஆட்டத்தில் ஸ்டுவர்ட் சிங்கிடம் தோற்றார். இந்த மண்ணில் வயசு குறை ஆகாது. முந்தின வாரம் ஸ்காட்டிஷ் ஓப்பனில் யார் தாழ்வாகப் பந்தை அடித்தார்கள் என்றும் பாருங்கள். நம்மவர் யாராவது இருந்தால் கட்டாயம் நோட்டில் ஏற்றுங்கள். 2023இல் ஷுபாங்கர் சர்மா சமநிலையில் எட்டாவது இடம் பிடித்தார்.

பந்தயம்

பணம் வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022லேயே சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் இருக்கட்டும், போனில் பணம் கட்டி ஆடி, லோன் ஆப்பில் கடன் வாங்கி, பெண்டாட்டி தாலிக்கொடிவரை அடகுக்குப் போன வீட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். எந்த ஆப் ஆசை காட்டினாலும் திறக்காதீர்கள்.

ஆனால் பிரிட்டனில் பந்தயக் கடைகள் சட்டப்படி நடக்கின்றன, பேப்பரிலேயே ரேட் வரும். அதை வாசிக்கத் தெரிந்தால் ஆட்டம் இரண்டு மடங்கு ருசிக்கும். 8க்கு 1 என்றால் ஒன்று வைத்தவருக்கு எட்டு லாபம்; ஒன்பதில் ஒரு வாய்ப்பு, அதாவது 11 சதவீதம் என்று கடைக்காரர் மதிக்கிறார். 4க்கு 1 என்றால் 20 சதவீதம். 50க்கு 1 என்றால் 2 சதவீதத்துக்கும் குறைவு. 156 பேருக்கும் இப்படிப் போட்டுக் கூட்டிப் பாருங்கள், மொத்தம் நூறைத் தாண்டிப் போகும். தாண்டிய அந்தப் பங்குதான் கடையின் லாபம். யார் ஜெயித்தாலும் பெரும்பாலும் அது கடைக்கே. அந்த ஷிஃப்ட் தம்பியிடம் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டிய பிறகு அவன் பணப் பேச்சே எடுப்பதில்லை.

எங்கள் பந்தயம் ஒரு நாற்பது பக்க நோட்டில் நடக்கிறது. வியாழன் காலை பத்தரைக்கு நோட்டை மூடிவிடுவோம். அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது. ஜெயிப்பவர் என்று ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள், இன்னொன்று முப்பதுக்கு வெளியே. முதல் பத்துக்காரர் ஜெயித்தால் 10 பாயிண்ட், 31 முதல் 60 வரை 50, அதற்கும் வெளியே என்றால் 100. நூறு வீண் கனவு என்று நினைக்க வேண்டாம். 2003இல் ராயல் செயின்ட் ஜார்ஜஸில் ஜெயித்த பென் கர்ட்டிஸ் அப்போது தரவரிசையில் 396ஆவது ஆள். அவர் ஆடிய முதல் பெரிய போட்டியே அதுதான். மூன்றாவதாக, தரவரிசையில் முதல் இருபது பேரில் கட் தாண்டாமல் ஊருக்குப் போகப்போகிறவர் யார் என்று ஒரு பெயர். சரியாக இருந்தால் 20. நாலாவதுதான் எனக்குப் பிடித்தது: வியாழன் காலைப் பாதியா, பிற்பகல் பாதியா? கட் தாண்டியவர்களில் எந்தப் பாதி அதிகமோ, அந்தப் பக்கம் எழுதியவருக்கு 15. காத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு இது கைமேல் பலன். கடைசியில் நிற்பவர் ஞாயிறு இரவு எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட வேண்டும்.

வெள்ளி இரவு கட் முடிவாக இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். விழித்திருக்க வேண்டாம், சனி காலை எண்ணிக்கொள்ளலாம். சனிக்கிழமை பின்னால் இருப்பவர்கள் காலையில் இறங்கி நல்ல ஸ்கோர் போடுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

ஞாயிறு மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு டிவி முன் உட்காருங்கள். கடைசி ஹோல் முடியும்வரை நோட்டில் யார் பெயரையும் அடிக்காதீர்கள். 1999இல் கார்னூஸ்டியில் பிரெஞ்சுக்காரர் ஜான் வான் டி வெல்ட் 18ஆவது ஹோலுக்கு மூன்று அடி முன்னணியில் வந்தார். அந்த ஹோலுக்குப் பார் நாலு. ஆறு அடித்தாலும் கோப்பை அவருக்கு. இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடையின் கல்சுவரில் மோதி, திரும்பி நெடும்புல்லில் விழுந்தது. மூன்றாவது அடி ஓடைக்குள்ளேயே போய்விட்டது. ஷூவைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டி, தண்ணீரில் இறங்கி நின்று பந்தைப் பார்த்தார். பிறகு மனசு மாறி, ஒரு அடி தண்டம் ஏற்று மேலே வந்தார். அடுத்த அடி மணல்குழி. அங்கிருந்து எடுத்து, கையை இறுக்கிக்கொண்டு பந்தைக் குழிக்குள் உருட்டிவிட்டு, ஏழில் முடித்தார். ப்ளே-ஆஃபில் ஜெயித்தவர் பால் லாரி. அன்று காலை பத்து அடி பின்னால் இருந்தவர். ஸ்பீத்தும் 2017இல் 13ஆவது ஹோலில் பந்தை மணல்மேட்டில் ஆட முடியாத இடத்துக்கு அனுப்பி, பயிற்சித் திடலிலிருந்து அடித்து, முன்னணியை இழந்தார். அடுத்த நாலு ஹோலில் பேர்டி, ஈகிள், பேர்டி, பேர்டி.

சமமாக முடிந்தால் ஓப்பனில் இப்போது மூன்று ஹோல் ப்ளே-ஆஃப். மூன்றின் அடிகளையும் கூட்டிப் பார்ப்பார்கள், அப்போதும் சமம் என்றால் ஒவ்வொரு ஹோலாக ஆடுவார்கள். எங்கள் நோட்டில் ப்ளே-ஆஃபில் தோற்றவர் பெயரை எழுதியவருக்கும் பாதிப் பாயிண்ட் உண்டு. இது எங்கள் மாமா போட்ட விதி, வாட்சனுக்காக.