லாமாவின் மேல் சுமை ஏற்றி மலையேறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பெரு நாட்டில் ஹுவாராஸ் நகருக்குத் தெற்கே ஒயேரோஸ் என்று ஓர் ஊர். அங்கிருந்து ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் யனாஷயாஷ் கணவாயைத் தாண்டி, சாவின் என்ற பழங்காலக் கோயில் இருக்கும் ஊருக்கு மூன்று நாளில் நடந்து போகலாம். இந்தப் பாதையில் கூடாரத்தையும் சமையல் பாத்திரங்களையும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கான லாமாக்கள் சுமந்து வரும். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியிலும் லாமாக்களை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பெருவில் லாமாக்காரர் கூடவே வருவார். ராக்கி மலையில் பல இடங்களில் யாரும் வரமாட்டார்கள், ஏற்றுவது இறக்குவது எல்லாம் உங்கள் பொறுப்பு. இரண்டில் எதுவானாலும் கீழே சொல்லும் வரிசையைத் தெரிந்துகொண்டு போனால் விலங்குக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

படி 1: சரியான லாமாவைக் கேட்டு வாங்குங்கள்

சுமை தூக்க ஆண் லாமாதான். காயடித்த ஆணாக இருந்தால் சாந்தமாக வரும். பெண் லாமாக்கள் மந்தையைப் பெருக்குவதற்காக மேய்ச்சலிலேயே விடப்படும். நான்கு வயது ஆகாத லாமாவின் மேல் முழுச் சுமை ஏற்றக் கூடாது. அதுவரை எலும்பு முற்றாது.

ஒற்றை லாமாவை மட்டும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கூட்டமாக வாழும் விலங்கு அது. தனியாக விட்டால் ஓயாமல் முனகும், அடிக்கடி திரும்பிப் பார்க்கும். குறைந்தது இரண்டு வேண்டும். கூட்டத்திலிருந்து பிரிந்த லாமா பக்கத்தில் இருக்கும் ஆடுகளைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும் என்பதும் உண்மை. அதனால்தான் அமெரிக்கப் பண்ணைகளில் செம்மறி மந்தையோடு ஒரே ஒரு லாமாவை விட்டு வைக்கிறார்கள். கொயோட்டி நரி வந்தால் லாமா குரல் கொடுக்கும், துரத்தவும் செய்யும். ஆனால் அது வேறு வேலை, அதற்குப் பழக்கும் முறையும் வேறு.

படி 2: தலைக்கயிறு மாட்டுங்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய படி இதுதான். லாமாவுக்குத் தலையைத் தொட்டால் பிடிக்காது. நேராக முகத்துக்குக் கை நீட்டாமல் தோள் பக்கமாக மெதுவாகப் போங்கள். கழுத்தில் கையை வைத்து, அது அமைதியான பிறகு கயிற்றை மாட்டுங்கள். காதுகள் பின்னால் மடங்கி, தாடை மேலே தூக்கினால் துப்பப் போகிறது என்று பொருள். ஓர் அடி பின்வாங்கி நில்லுங்கள். கத்தவோ அடிக்கவோ வேண்டாம்.

மூக்கின் மேல் வரும் பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் உட்கார வேண்டும். லாமாவின் மூக்கெலும்பு குட்டையானது. அதற்குக் கீழே இருப்பது வெறும் குருத்தெலும்பு. பட்டை அங்கே நழுவி இறங்கினால் மூச்சுத் துளை அமுங்கும். லாமா பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும், எனவே அது பயந்து திமிறும். "முரட்டு லாமா" என்று பேர் வாங்கியவற்றில் சில, தலைக்கயிறு சரியில்லாததால் அப்படி ஆனவைதான் என்று நான் நினைக்கிறேன். மாட்டியதும் பட்டையை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். நழுவினால் கழுத்துப் பக்கக் கொக்கியை இறுக்குங்கள்.

படி 3: எடை போடுங்கள்

வளர்ந்த லாமா 130 முதல் 200 கிலோ வரை இருக்கும். நன்றாகப் பழகிய ஆண் தன் எடையில் கால் பங்கு வரை சுமக்கும். பழக்கம் விட்டுப்போன லாமாவுக்கு ஆறில் ஒரு பங்கு போதும். ஆண்டிஸ் மலை மக்கள் பெரும்பாலும் 25, 30 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஸ்பானியர்கள் வருமுன் அங்கே இருந்த இன்கா பேரரசில் குதிரையும் கிடையாது, மாடும் கிடையாது. தானியமும் துணியும் மலைமேல் ஏறியது மனித முதுகிலும் லாமா முதுகிலும்தான். 1545-இல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசியில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த வெள்ளியையும் லாமாக்கள் சுமந்தன. பொலிவியாவின் உயூனி உப்புப் படுகையிலிருந்து உப்புக் கட்டிகளைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் மக்காச்சோளத்துக்கு மாற்றிவரும் லாமா வரிசைகள், லாரி வந்த பிறகுதான் குறைந்தன. இவ்வளவு காலம் சுமந்தும் ஒரு லாமாவுக்கான சுமை சிறியதாகவே இருந்திருக்கிறது. சாமான் கூடினால் லாமாவைக் கூட்டுவார்கள்.

பெரியவர்கள் அதன் மேல் ஏறி உட்காரக் கூடாது. முதுகு அதற்கு ஏற்றதல்ல.

இரண்டு பக்கப் பைகளையும் தொங்கு தராசில் மாட்டி எடை பாருங்கள். வித்தியாசம் அரை கிலோவுக்குள் இருக்க வேண்டும். கண் அளவு இங்கே உதவாது.

படி 4: சேணமும் பொதியும்

முதலில் முதுகு ரோமத்தைக் கையால் தடவி முள், குச்சி, சிறு கல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சேணத்தைத் தோள் எலும்புக்குப் பின்னால் வையுங்கள். தோளின் மேல் ஏறினால் நடை தடைப்படும். முன்வார் முன்னங்காலுக்குப் பின்னால், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம். வயிற்றுப் பக்கம் வரும் பின்வார் அதைவிடத் தளர்வாக இருக்கட்டும்.

அப்புறம் பைகள். உடம்பை ஒட்டும் பக்கத்தில் போர்வை, துணி. அடுப்பு, பாத்திரம் வெளிப்பக்கம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் மாட்ட வேண்டும். ஒரு பையை மட்டும் முதலில் மாட்டினால் சேணம் சரிந்துவிடும்.

மலை கிராமங்களில் இன்னும் சேணம் இல்லாமலே கட்டுவதைப் பார்க்கலாம். லாமாவின் முரட்டு ரோமத்தில் நெய்த சாக்கை நேரே முதுகில் போட்டு, அதே ரோமத்தில் திரித்த கயிற்றால் கட்டுவார்கள். கயிறு சற்று நெகிழ்ந்து கொடுக்கும், முதுகை அறுக்காது. அழகான முறை. ஆனால் முடிச்சில் பல வருடப் பழக்கம் வேண்டும், அதை லாமாக்காரரிடமே விடுங்கள்.

படி 5: நடங்கள்

கயிற்றைத் தளர்வாகப் பிடித்து முன்னே போங்கள். அரை மணி நேரம் நடந்ததும் நிறுத்தி வாரைச் சரிபாருங்கள், ரோமம் அமுங்கித் தளர்ந்திருக்கும்.

லாமாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் சாணம் போடும் வழக்கம் உள்ளவை. பாதையில் பழைய சாணக் குவியலைக் கண்டால் நின்றுவிடும். இழுக்காமல் காத்திருங்கள். மரமே இல்லாத அந்த உயரத்தில் இந்தச் சாணத்தைக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள், ஒரே இடத்தில் கிடப்பதால் அள்ளுவதும் சுலபம்.

திடீரென்று கால் மடக்கி உட்கார்ந்துவிட்டால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமை அதிகமா, ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா, வார் உறுத்துகிறதா, வெயிலா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரணம் தீர்ந்தால் தானே எழும். அதட்டி எழுப்பினால் அடுத்த ஏற்றத்தில் மறுபடி உட்காரும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். காற்று மெலிந்த இடத்திலும் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும் ரத்தம் லாமாவுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. புறப்படுவதற்கு முன் ஹுவாராஸில் சில நாள் தங்கி உயரத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 6: இறக்குங்கள்

பைகளையும் இருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் கழற்றுங்கள். பிறகு பின்வார், கடைசியாக முன்வார். சேணம் இருந்த இடம் முழுவதும் உள்ளங்கையால் அழுத்தித் தடவுங்கள். ஓரிடத்தில் தொட்டதும் லாமா முதுகை நெளித்தால் அங்கே உறுத்தல் இருக்கிறது. மறுநாள் அந்த லாமாவை வெறும் முதுகோடு நடத்துங்கள், அதன் சுமையை மற்றவற்றுக்குப் பிரியுங்கள். அவற்றுக்கும் அளவு மீறினால் மீதியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.