ஸ்வீட்ஃபெர்ன் வளர்ப்பு: மட்டமான மண்ணே போதும்

பெயரில் ஃபெர்ன் (பூக்காத, விதை தராத பெரணிச்செடி) இருந்தாலும் ஸ்வீட்ஃபெர்ன் ஃபெர்ன் அல்ல. பூத்துக் காய்த்து விதை தரும் புதர்ச்செடி. தாவரவியல் பெயர் கம்டோனியா பெரிக்ரினா. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஜார்ஜியாவின் வடக்கு மலைகள் வரை, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி இதன் தாயகம். இலை 3 முதல் 5 அங்குல நீளம், அரை அங்குல அகலம். இரு ஓரமும் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். விரலால் கசக்கினால் காரமும் இனிப்பும் கலந்த மணம் வரும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்துவிடும். 2 முதல் 4 அடி உயரம் வளரும், பக்கவாட்டில் அதைவிட அதிகம் பரவும்.

1. இடமும் மண்ணும்
முழு வெயில் வேண்டும், அரைநாள் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) குளிர்காலக் குளிரை வைத்துப் பிரித்த மண்டலங்களில் 2 முதல் 6 வரை ஏற்றது, எண் குறையக் குறையக் குளிர் அதிகம்; கடும் வெப்பமான ஊர்களில் முயற்சிப்பது வீண். தண்ணீர் தேங்காத, மணல் கலந்த அமில மண் தேவை. மண்ணின் அமில அளவைக் காட்டும் பிஹெச் 4.5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. வேறு எதுவும் வளராத சரளைச் சரிவு வீட்டில் இருக்கிறதா? அங்கேயே வையுங்கள்.

2. நாற்று
காட்டிலிருந்து பிடுங்கி வருவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. தனிச்செடி போலத் தெரிவது, மண்ணுக்குள் நீளமாக ஓடும் வேரிலிருந்து முளைத்த ஒரு தளிர்தான். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர் அதன் அடியில் மிகக் குறைவு. அதனால் பெரும்பாலும் வாடிவிடும். நர்சரியில் தொட்டியிலேயே வளர்ந்த செடியை வாங்குங்கள்.

3. நடுதல்
பனி விலகியதும் வசந்தத்தில் நடலாம். குழியின் ஆழம் தொட்டி மண்ணின் உயரத்துக்குச் சமமாகவும், அகலம் தொட்டியின் அகலத்தைப்போல் இரு மடங்காகவும் இருக்கட்டும். வேர்க்கட்டியை உதிர்க்காமல், தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். கம்போஸ்ட் வேண்டாம். செடிக்குச் செடி 3 முதல் 4 அடி இடைவெளி விட்டு, மேலே 2 அங்குலம் பைன் ஊசியிலை பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். முதல் ஆண்டு முழுக்க மண் காயும்போதெல்லாம் நீர் ஊற்றுங்கள். வேர் பிடித்தபின் மழையே போதும்.

4. உரம்
போடாதீர்கள். வேர் முடிச்சுகளில் வாழும் ஃப்ராங்கியா என்ற நுண்ணுயிரி காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. நைட்ரஜன் உரம் விழுந்தால் அந்த முடிச்சு உருவாவதே குறையும். நன்கு வளர்ந்த ஸ்வீட்ஃபெர்ன் அருகில் இருந்தால், அதன் அடிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துப் புதிய குழியில் சேர்ப்பது உதவும்.

5. பெருக்குதல்
விதையை நம்பாதீர்கள். முளைக்காமல் உறங்கிக் கிடக்கும் அதன் இயல்பைக் கலைப்பது கடினம். விதையோட்டைக் கீறி, முளைப்பைத் தூண்டும் தாவர ஹார்மோனான ஜிப்பரெலிக் அமிலத்தில் ஊறவைத்தால்தான் ஓரளவு முளைக்கும். வேர்த்துண்டு எளிது. குளிர்காலக் கடைசியில், மொட்டு விரியும் முன், வேரை 3 முதல் 4 அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். மணலும் பீட்டும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) சம அளவு கலந்து, அதில் துண்டுகளைப் படுக்கவைத்து அரை அங்குலம் மூடுங்கள். ஈரம் இருக்கட்டும், சொதசொதப்பு கூடாது. தளிர் வந்தவுடன் இடம் மாற்ற அவசரப்படாதீர்கள். மேலே தளிர் வந்துவிட்டதால் அடியில் புதுவேர் வந்துவிட்டது என்று பொருளில்லை.

6. எங்கே தவறும்?
இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்று சந்தேகியுங்கள். சிமென்ட் நடைபாதை ஓரத்தில் இது வழக்கம். பிஹெச் சோதித்து, உறுதியானால் கந்தகத் தூள் இடலாம்; பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், அதற்கு மருந்தில்லை. உயர்ந்து மெலிந்து சாய்ந்தால் வெயில் போதவில்லை. நடுப்பகுதி வயதாகி வெறிச்சோடினால் குளிர்காலக் கடைசியில் தரையோடு வெட்டுங்கள், அடியிலிருந்து துளிர்க்கும். எல்லை மீறிப் பரவும் தளிர்களை மண்வெட்டியால் துண்டித்துவிடலாம். இப்படிப் பரவுவதால்தான் சின்னப் பூப்பாத்திக்குள் இதை நடக்கூடாது. சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் இந்தப் பரவல்தான்.

ஜாக் பைன் போன்ற, ஊசியிலைகள் இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ கொத்தாக வரும் பைன் மரங்களைத் தாக்கும் கொப்புளத் துரு நோய்ப் பூஞ்சை, தன் வாழ்வின் ஒரு பகுதியை ஸ்வீட்ஃபெர்ன் இலையில் கழிக்கிறது. பைன் கன்று வளர்க்கும் தோட்டத்துக்குப் பக்கத்தில் இதை நட வேண்டாம்.