ஒரு டெயில் லைட் மட்டும் மங்கலா? பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் (இ90), பென்ஸ் சி-கிளாஸ் (டபிள்யூ204) போன்ற கார்களில் ஒரு பக்க டெயில் லைட் மங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தை, அதாவது விளக்கிலிருந்து கரண்ட் காரின் பாடிக்குத் திரும்பும் இணைப்பை. டெயில், பிரேக், இண்டிகேட்டர் எனப் பல பல்புகளின் கரண்டும் கனெக்டரில் ஒரே ஒரு பின் (சிறு உலோக முனை) வழியாகத்தான் திரும்புகிறது. 21 வாட் பல்புகள் இரண்டும் டெயில் லைட்டும் சேர்ந்து எரிந்தால் ஏறக்குறைய 4 ஆம்பியர். பின் கொஞ்சம் தளர்ந்தாலோ பச்சை பூத்தாலோ சூடாகும், சூட்டில் இன்னும் தளரும், கடைசியில் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகும். 2014-ல் அமெரிக்காவில் 2008–2011 மாடல் சி-கிளாஸ் கார்கள் சுமார் இரண்டரை லட்சத்தை பென்ஸ் திரும்ப அழைத்ததும் இந்த எர்த் கோளாறுக்குத்தான்.

எதையும் கழற்றும் முன், இது கோளாறுதானா என்று பாருங்கள். இரவில் வெள்ளைச் சுவருக்கு 2 மீட்டர் முன்னால் காரின் பின்பக்கத்தை நிறுத்தி, ஃபோன் கேமராவில் எக்ஸ்போஷரை லாக் செய்து படம் எடுங்கள். லாக் செய்யாவிட்டால் கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும். இடது வலது இரண்டிலும் டிக்கி மூடிப் பகுதி ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் அது வடிவமைப்பு. டிக்கி திறந்திருந்தாலும் பின்னால் வருபவருக்கு விளக்கு தெரிய வேண்டும் என்பது விதி. அதனால் பல கார்களில் முக்கிய வேலை பாடியில் இருக்கும் பகுதிக்கு. மூடியில் இருப்பது பெரும்பாலும் அழகுக்கு. ஆடி க்யூ5, க்யூ7-ல் மொத்த விளக்கும் பின்கதவோடு மேலே போய்விடுவதால் பம்பரில் தனி விளக்கே வைக்க வேண்டியதாயிற்று. அகலமான கதவு வேண்டும் என்ற ஆசைக்குக் கொடுத்த விலை அது.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால், இரண்டு பக்கப் பல்புகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் பல்போடு கூடவே போனால் பல்புதான். கண்ணாடி உள்ளே கருத்திருக்கும். புதிதாகப் போடும்போது இரண்டு பக்கமும் ஒரே கம்பெனிப் பல்பு.

மங்கல் அதே பக்கத்தில் நின்றால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். பார்க் லைட், ஹசார்டு இரண்டையும் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். சிவப்பு முனையை விளக்கின் எர்த் பின்னிலும் (இந்த ஜெர்மன் கார்களில் பழுப்பு ஒயர்), கருப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3-ஐத் தாண்டினால் அங்கேதான் கோளாறு. ஃபிலமென்ட் பல்பில் 1 வோல்ட் குறைந்தாலே நான்கில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். பிரேக் மிதிக்கும்போது சம்பந்தமில்லாத இன்னொரு பல்பு மினுக்கென்று எரிந்தால் மீட்டரே தேவையில்லை, எர்த் போய்விட்டது. பாசிட்டிவ் பக்கத்தை அளக்கும்போது ஏமாறாதீர்கள்: டெயில் லைட்டுக்கு இவற்றில் பல கார்கள் கரண்டைத் துடிப்புகளாக அனுப்புகின்றன, மீட்டர் 12-ஐக் காட்டாது. வலதோடு இடதை ஒப்பிடுங்கள், போதும்.

பின்னை உப்புத்தாளால் தேய்த்து விடுவது தற்காலிக வேலை. மேலே உள்ள வெள்ளீயப் பூச்சு போய்விடும், மழைக்காலத்தில் மறுபடி வரும். கனெக்டரின் பின்னையும் பல்பு ஹோல்டர் தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உருகிய தட்டில் புதுப் பின் போட்டால் அதுவும் கருகும். 2.5 சதுர மிமீ ஒயரில் புதுப் பின்னை கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கவைத்து), மறுமுனையில் ரிங் லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) போட்டு, சுத்தம் செய்த பாடி போல்ட்டில் முறுக்குங்கள். கருகிய பழைய ஒயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டே புது ஒயரோடு இணைக்கவும். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் அதே வோல்ட்டை மறுபடி அளந்து பாருங்கள்.

முழு எல்இடி விளக்கில் இதெல்லாம் பாதிதான் பொருந்தும். எர்த் சரியாக இருந்தும் மங்கல் என்றால் மொத்த யூனிட்டையும் மாற்றுவதே வழி. பழைய எல்இடி சூட்டில் வெளிச்சம் இழந்திருக்கும், சிவப்புக் கண்ணாடியும் வெயிலில் வெளுத்திருக்கும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வித்தியாசம் தெரியவே செய்யும். பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கினால் ஒரே காரிலிருந்து கழற்றிய ஜோடியாகக் கேளுங்கள்.