வரிசைமாற்ற நிரல்: எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

ஒரு சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக அடுக்கலாமோ அத்தனையையும் தரும் நிரலை எழுதுகிறோம். 'கசட' கொடுத்தால் ஆறு விடை வருகிறது. மூன்றின் தொடர்பெருக்கம் (3×2×1) ஆறுதானே, சரி என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது.

இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி (ஸ்வாப்), மீதியை அடுக்க நிரல் தன்னையே மறுபடி அழைத்து (ரிகர்ஷன்) திரும்பியதும், அதே ஸ்வாப்பைத் திருப்பிப் போட மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். வருவது இது: கசட, கடச, டகச, டசக, கசட, கடச. எண்ணிக்கை ஆறுதான். ஆனால் 'ச'வில் தொடங்கும் விடை ஒன்றுகூட இல்லை. பைத்தான் மொழியில், விடை இருக்கும் லிஸ்டைக் காப்பி எடுக்காமல் அப்படியே சேமித்தாலும் இதே கதைதான். எழுத்தைச் சேர்த்து, பிறகு எடுத்துவிடும் முறையில், சேமித்த ஆறும் ஒரே லிஸ்ட் என்பதால், கடைசியில் ஆறு வெற்று லிஸ்ட்கள் மிஞ்சும்.

அதனால் விடைகளைக் கண்ணால் பாருங்கள். 'பாப்பா' கொடுத்தும் பாருங்கள். வர வேண்டியவை மூன்றே: பாப்பா, பாபாப், ப்பாபா. சாதாரணமாக எழுதிய பைத்தான் நிரல் 720 தரும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யுனிகோடில் 'பா' என்பது ப, துணைக்கால் என இரண்டு குறியீடு. 'ப்' என்பது ப, புள்ளி. நமக்கு மூன்று எழுத்து, நிரலுக்கு ஆறு. புள்ளியில் தொடங்கும் 'சொல்'கூட வந்து நிற்கும். கலைப்பதற்கு முன்பே எழுத்தெழுத்தாகப் பிரித்துவிடுங்கள். அதற்குப் பைத்தானில் ஓப்பன்-தமிழ் தொகுப்பின் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் இன்டல்.செக்மென்டர்.

பிரித்த பிறகும் ஆறு வரும், 'பா' இரண்டு இருப்பதால். பலர் எல்லாவற்றையும் உருவாக்கிவிட்டு ஒரே விடையை இரண்டு முறை வைக்காத ஒரு செட்டில் போட்டு வடிகட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரே எழுத்து மட்டும் பத்து முறை வரும் சரத்தில், ஒரு விடைக்காக 36,28,800 முறை உழைக்க வேண்டியிருக்கும். ரிகர்ஷனின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு சின்ன செட் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஏற்கெனவே வைத்துப் பார்த்த எழுத்தைத் தாண்டிப் போங்கள். எழுத்துகளை முதலில் வரிசைப்படுத்திப் பக்கத்து எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் உத்தி ஸ்வாப் முறைக்குச் சரிவராது. ஸ்வாப் செய்யச் செய்ய வரிசை குலைந்துவிடும்.

அப்புறம் நினைவகம். 12 வெவ்வேறு எழுத்துகளுக்கு 47,90,01,600 விடைகள். அவ்வளவையும் லிஸ்டில் குவிக்காமல், பைத்தானின் யீல்ட் என்ற கட்டளையைப் போட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்து, பயன்படுத்தியதும் விட்டுவிடுங்கள்.