ஏற்றத்திலும் கழற்றத் தோன்றாத முட்டி பேட்: பார்த்து வாங்குவது எப்படி

மவுண்டன் பைக்குக்கு முட்டி பேட் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எதில் பாதுகாப்பு அதிகம்?" நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. ஒரு மணி நேரம் மிதித்து, தொடையில் வியர்வை வழிய ஆரம்பித்த பிறகும் அந்த பேட் முட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்குமா? சிங்கப்பூர் வெயிலிலும் புழுக்கத்திலும் ஓட்டுகிற நமக்கு இதுதான் முதல் கேள்வி. செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா பக்கம் ஒரு ஞாயிறு காலையில் போய்ப் பாருங்கள், பேடைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டு ஏற்றம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று. இறக்கத்தில்தான் விழுவோம் என்று ஒரு நினைப்பு. மெதுவாக ஏறும்போது ஈர வேரில் முன்சக்கரம் நழுவி, காலை ஊன்றுவதற்குள் முட்டி போய் கல்லில் இடிக்கிறதே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முட்டிச் சில்லுக்கு மேலே சதையே கிடையாது. தோல், அதற்கடியில் ஒரு சின்ன நீர்ப்பை, உடனே எலும்பு. அங்கே கிழிந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தோல் இழுபட்டுக் காயம் மறுபடி திறக்கும், மண் உள்ளே போய் அந்தப் பையில் சீழ் பிடித்துவிட்டால் ஆன்டிபயாடிக், ஓய்வு என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் பேட் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே வேண்டாம். எது என்பதுதான் பேச்சு.

நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். புக்கிட் தீமா, செஸ்ட்நட் இரண்டுமே காட்டு வழி: வேர், குட்டி ஏற்ற இறக்கம், மழைக்கு அப்புறம் வழுக்கல். வேகம் அதிகம் போகாது, மிதிப்பதுதான் அதிகம். இதற்கு மெல்லிய ஸ்லீவ் வகை போதும், அதாவது சாக்ஸ் மாதிரி காலில் ஏற்றிக்கொள்கிற துணி, முன்னால் மட்டும் நுரைத் தட்டு. புலாவ் உபினில் இருக்கிற கெத்தாம் பூங்கா கொஞ்சம் வேறு. அந்தத் தீவே பழைய கிரானைட் குவாரித் தீவு, தரையில் சரளை, பாறை. பலகையில் கறுப்பு வைரக் குறி போட்ட, அதாவது கடினமான பாதைகளில் இறங்குவதாக இருந்தால், முட்டிக்கு இரண்டு பக்கமும் கூடுதல் நுரை வைத்த, கொஞ்சம் தடித்த பேட் நல்லது. பக்கவாட்டு நுரை எதற்கு என்று கேட்காதீர்கள், விழாமலேயே சைக்கிளின் மேல் குழாயிலும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மிலும் முட்டியின் உள்பக்கம் இடிபடுவது அடிக்கடி நடக்கும். கடினமான பிளாஸ்டிக் ஓடு வைத்த டவுன்ஹில் பேட், லிஃப்டில் மேலே போய் இறங்கி மட்டும் வருகிற பைக் பார்க்குகளுக்கு. அந்த ஓடு பாறையில் சிக்காமல் சறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதிக்க முடியாது.

நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 4,800 தடவை மடங்கி நிமிரும். கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்க்கும்போது தெரியாத ஒரு தையல் இந்த 4,800 தடவையில் தன் வேலையைக் காட்டிவிடும்.

அளவுக்கு வருவோம், இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். டி-ஷர்ட் அளவு எம் என்றால் பேடும் எம் என்று ஆர்டர் போடக் கூடாது. தையல் டேப் ஒன்றை எடுத்து, காலை லேசாக மடித்து, முட்டிச் சில்லின் நடுவிலிருந்து மேலே தொடைச் சுற்றளவு, கீழே கெண்டைக்கால் சுற்றளவு இரண்டையும் எடுங்கள். எத்தனை சென்டிமீட்டர் மேலே என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒருவர் 10 என்பார், இன்னொருவர் 15 என்பார், அதனால் வாங்கப் போகும் கம்பெனியின் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு அளப்பதுதான் சரி. இரண்டு காலையும் அளங்கள், கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நீண்ட நாள் ஓட்டியவர்களுக்குத் தொடை ஒரு அளவிலும் கெண்டைக்கால் இன்னொரு அளவிலும் வந்து நிற்கும். அப்போது ஸ்லீவ் வகையானால் தொடை அளவையே நம்புங்கள், ஏனென்றால் பேடைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது தொடைப் பட்டைதான். தொடை அளவே இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் நான் சின்னதைத்தான் எடுப்பேன். எலாஸ்டிக் சில சலவைக்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் தளரும். ஆனால் கால் மரத்துப் போனால் அது சின்னது இல்லை, தப்பான சைஸ்.

வந்ததும் லேபிளைக் கிழிக்காமல் வீட்டிலேயே சோதியுங்கள். பேடைப் போட்டு, முட்டியை மடக்கிப் பாருங்கள். நுரைக் குழியின் நடுவில் சில்லு உட்கார வேண்டும், நேராக நிற்கும்போது இல்லை, மடங்கியிருக்கும்போது. நல்ல பேட் எல்லாம் மடிந்த காலுக்கே வளைத்துத் தைத்திருப்பார்கள், அதனால் நிற்கும்போது முன்னால் கொஞ்சம் புடைத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அப்புறம் தரையில் மண்டியிட்டு, முட்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தேயுங்கள். பாயில் வேண்டாம், டைல்ஸ் தரையில். நுரை ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா? எழுந்து, உள்ளங்கையால் பேடின் மேல் விளிம்பைப் பிடித்துக் கணுக்கால் பக்கமாக ஒரு இழு இழுங்கள், நிஜமாகவே பலமாக. சில்லு வெளியே எட்டிப் பார்த்தால் அந்த பேட் உங்களுக்கு உதவாது. விழும்போது உடம்பு தரையில் அடித்த கையோடு சறுக்கவும் செய்யும், அந்தச் சறுக்கலில் தளர்ந்த பேட் முதலில் கழன்று இறங்கும், அதற்குப் பிறகுதான் முட்டி தரையைத் தொடும். லேபிளில் எந்தப் பாதுகாப்பு லெவல் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் பயன் இல்லை.

கடைசியாக, சைக்கிளில் ஏறி, சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தி மிதிக்கிற டிரெய்னர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் வீட்டு பிளாக்கைச் சுற்றி, ஒரு 15 நிமிடம் மிதியுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். பட்டை இருந்த இடத்தில் லேசான சிவப்புக் கோடு சாதாரணம். முட்டிக்குப் பின்பக்க மடிப்பில் சிவந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், அங்கே துணி மடிந்து கசங்குகிறது அல்லது தையல் ஓடுகிறது என்று அர்த்தம். 15 நிமிடத்தில் சிவப்பு என்றால் வியர்வையோடு இரண்டு மணி நேரத்தில் தோல் உரியும். பேடின் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு விரலால் தடவினாலே பாதி தெரிந்துவிடும்: பின்மடிப்பு இருக்கிற இடத்தில் தையலே இல்லாமல் ஒரே மெல்லிய மெஷ் (வலைத் துணி), அல்லது ஓட்டையாகவே விட்டிருந்தால் நல்ல அறிகுறி.

நியோப்ரீன், அதாவது கடலில் முக்குளிக்கிறவர்கள் போடும் வெட்சூட் துணி, குளிர் ஊர்களுக்கு அருமை. நமக்கு வேண்டாம். பத்து நிமிடத்தில் உள்ளே குளம் கட்டும், ஈரத் தோலில் பேடும் வழுக்கும். மெஷ் துணியும், மேல் விளிம்பின் உள்பக்கம் சிலிக்கான் கோடுகளும் இருக்கிறதா பாருங்கள். சிலிக்கான் தோலைப் பிடிக்கும், முடியையும் பிடிக்கும், அதைத் தவிர்க்க முடியாது. சிலிக்கான் மட்டுமே நம்பிய பேடை விட, மேலே ஒரு வெல்க்ரோ பட்டையும் சேர்ந்தது எனக்குப் பிடிக்கும். சிலிக்கானில் சேறும் எண்ணெய்ப் பசையும் ஏறினால் பிடிப்பு போய்விடும், பட்டை இருந்தால் பாதி வழியில் நின்று இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். இன்னொரு வகை பின்னால் முழுக்கத் திறக்கும், ஜிப்போ வெல்க்ரோவோ வைத்து. வீட்டிலிருந்து பார்க் கனெக்டர் (பூங்காக்களை இணைக்கும் பாதை) வழியாகவே மிதித்து வந்து காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இது பெரிய வசதி, ஷூவைக் கழற்றி ஒற்றைக் காலில் ஆட வேண்டியதில்லை.

சரி, லேபிள். ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று போடும் வெறும் சிஇ முத்திரையை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள், அதோடு எந்த எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தேட வேண்டியது இஎன் 1621-1. இது ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் கை கால் மூட்டுகளுக்காக எழுதப்பட்ட அளவுகோல், மவுண்டன் பைக் பேட்களையும் அதிலேயே சோதிக்கிறார்கள். 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு, அதாவது சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, பேடின் மேல் போட்டு அடிப்பக்கம் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20க்குள் இருந்தால் லெவல் 2. வித்தியாசம் சின்னதில்லை. ஆனால் லெவல் 2 பொதுவாகத் தடிமனாகவும் சூடாகவும் இருக்கும். செஸ்ட்நட்டுக்கு நன்றாகப் பொருந்துகிற லெவல் 1 போதும் என்பது என் கருத்து, கெத்தாமில் பாறைமேல் குதிப்பவர்கள் லெவல் 2க்குப் போகலாம். லேபிளில் டி பிளஸ் என்று இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியது என்று பொருள், டி மைனஸ் என்றால் மைனஸ் 10 டிகிரியில். இங்கே நமக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. இஎன் 14120 என்று இருந்தால் அது ஸ்கேட்டிங் பேட். சமதரையில் விழுவதற்குச் செய்தது, மிதிக்கும்போது சுற்றிக்கொண்டு பின்னால் போய் நிற்கும்.

உள்ளே இருக்கும் நுரை பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். டி3ஓ, சாஸ்டெக், இன்னும் ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தப் பெயரில் ஒன்று. எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான்: மெதுவாக அழுத்தினால் வளையும், சட்டென்று அடித்தால் இறுகி அடியைப் பரப்பிவிடும். சோளமாவைக் கெட்டியாகக் கரைத்து விரலை மெல்ல விட்டால் இறங்கும், குத்தினால் இறங்காது, அந்த மாதிரி. இந்த வகை நுரை வந்ததால்தான் மெல்லிய பேட்களே மிதிக்கும்படி ஆயின. சூட்டில் இது இளகும், அதனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டுவைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மோட்டார் சைக்கிள் ‘நீ கார்டு’தான் (முட்டிக் கவசம்) சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும், அதே இஎன் 1621-1 எண்கூட இருக்கலாம். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது காலை மடக்கி உட்கார்ந்தபடியே போகிறவர்களுக்கானது, கீல் வைத்த நீளமான ஓடு சுற்றிச் சுற்றி மிதிக்கும்போது தொடையின் கீழ்ப்பகுதியை அறுக்கும். ஊட்டிப் பக்கம் தேயிலைத் தோட்ட வழிகளில் மிதித்தே ஏற வேண்டும் என்றால், கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது சைக்கிளுக்கென்று செய்த ஸ்லீவ் வகையைத் தேடுங்கள். ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் இறங்கி மட்டும் வருவதென்றால் நீ கார்டும் ஓடும்.

முன்னங்கால் எலும்பையும் மூடும் நீள வகை வேண்டுமா என்று, ஷூவைப் பூட்டாத பிளாட் பெடல் ஓட்டுகிறவர்கள் கேட்பதுண்டு. பெடலின் ஊசிகள் ஒருமுறை வாரினால் ஏன் கேட்கிறார்கள் என்று புரியும். சூட்டைத் தாங்க முடிந்தால் வாங்குங்கள். எனக்கு ஒட்டாது.

பேட் என்ன செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அடியையும் சிராய்ப்பையும் அது தாங்கும். கால் ஊன்றியபடி உடம்பு திரும்பி முட்டிக்குள் தசைநார் கிழிவதை அது தடுக்காது. அதற்குக் கீல் வைத்த பிரேஸ் என்று தனியாக இருக்கிறது, அது வேறு விலை, வேறு பொருள், ஏற்கெனவே தசைநார் கிழிந்தவர்கள் டாக்டரிடமோ பிசியோவிடமோ பேசிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். ஓட்டும்போது முட்டி வலிக்கிறது, பேட் போட்டால் இதமாக இருக்குமா என்று சிலர் வாங்குகிறார்கள். அதற்கு முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் நல்ல ஜோடி 100 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம், அதனால் பராமரிப்பு பற்றியும் இரண்டு வார்த்தை. ஒவ்வொரு ரைடு முடிந்ததும் தண்ணீரில் அலசுங்கள், வியர்வை உப்பு எலாஸ்டிக்கை அரிக்கும், இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் வரும் நாற்றத்தைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள். நாற்றம் ஏறிவிட்டால் வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் போகும். நுரைத் தட்டு கழற்றக்கூடியதாக இருந்தால் எடுத்துவிட்டுத் துவைக்க வேண்டும், வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது பக்கத்திலிருக்கும் மெஷ்ஷைப் பிய்த்துவிடும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர், டிரையர் இரண்டும் வேண்டாம். நேர் வெயிலில் மூங்கில் கம்பில் தொங்கவிடாமல் நிழலில், ஃபேன் காற்றில் காயப் போடுங்கள். காய்ந்த பிறகு நுரையைத் திரும்பச் செருகும்போது இடது வலது பாருங்கள், பல பேட்களில் இரண்டும் ஒன்றுபோல இருக்காது.

பெரும்பாலும் நுரைக்கு முன்னால் எலாஸ்டிக்தான் போகும். சில மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணுக்கால் பக்கம் இழுக்கும் சோதனையைச் செய்யுங்கள். பட்டையை இறுக்கியும் பேட் இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். பெரிய விழுகைக்குப் பிறகு நுரையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் வளைத்து, விரிசலோ நசுங்கிய இடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுரையை மட்டும் தனியாக விற்கிறார்களா என்று கடையில் கேளுங்கள், சில கம்பெனிகள் விற்கின்றன.